பெயர் வரியில் யார் முதலில்? ‘என்ஜாய் எஞ்சாமி’யின் வெளியீடும் டர்பன் தமிழரிடையே அதன் வரவேற்பும்

2021 மார்ச் 7 அன்று யூடியூபில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’, திரைப்படத்துக்கு வெளியே பிறந்த ஒரு தமிழ்ப் பாட்டு எவ்வளவு தொலைவு போக முடியும் என்று பேசும்போது இன்றும் முதலில் நினைவுக்கு வருவது. கூட்டாகச் செய்த ஒரு பாட்டில் பெயரும் பணமும் எந்த இடத்தில் பிரிகின்றன, பிரிந்தபின் என்ன ஆகின்றன என்று பேசும்போதும் அதையே சுட்ட வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வு இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பார்க்கும் இடம் சென்னையல்ல, தென்னாப்பிரிக்காவின் டர்பன். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை வாழும் இவ்வூரில், தேயிலைத் தோட்டத்தில் உழைத்த ஒரு பாட்டியின் பேரன் எழுதிய பாட்டு எப்படிக் கேட்கப்பட்டது என்பதும், அதில் எது காதில் விழாமலே போயிற்று என்பதும் தனியே எழுதிவைக்கத் தக்கவை.

பாட்டும் பெயர் வரியும்

யூடியூபில் பாட்டின் தலைப்பு, பாடகி தீயின் பெயரை முதலில் வைத்து, ‘ஃபீச்சரிங்’ என்பதன் பின்னால் சொல்லிசை (ராப்) கலைஞர் அறிவின் பெயரை இட்டு, தயாரிப்பு என்ற குறிப்போடு இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் பெயரைத் தருகிறது. பின்னால் எழுந்த சர்ச்சைகள் எல்லாவற்றுக்கும் விதை இந்த ஒரு வரியில் இருக்கிறது என்பதே என் கருத்து.

திரைப்பாட்டில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் ஆகிய மூவருக்கும் அவரவர் இடம் உண்டு. இசைத்தட்டு உறையிலும் வானொலி அறிவிப்பிலும் அந்த வரிசை பல பத்தாண்டுகளாக ஊறிப்போனது. பாடலாசிரியரின் பெயரை அறிவிப்பாளர் விட்டுவிட்டால் நேயர்கள் கேட்பார்கள். ஹிப் ஹாப் வழக்கம் வேறு. அங்கே முதலில் நிற்பவரே பாட்டுக்கு உரியவர், ‘ஃபீச்சரிங்’குக்குப் பின் வருபவர் ஒரு பகுதி பாடிவிட்டுப் போகும் விருந்தாளி, தாளத்தையும் ஒலிக்கோவையையும் அமைப்பவர் புரொடியூசர். எழுதியவர் என்று தனியாக ஒருவர் அங்கே பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, ஏனெனில் சொல்லிசைக் கலைஞர் தன் வரிகளைத் தானே எழுதுகிறார் என்பது அந்தக் கலையின் அடிப்படை எதிர்பார்ப்பு.

‘என்ஜாய் எஞ்சாமி’யில் விருந்தாளி இடத்தில் வைக்கப்பட்ட அறிவுதான் பாடலாசிரியர். அரக்கோணத்தைச் சேர்ந்த அவர், பா. இரஞ்சித்தின் முயற்சியில் 2017இல் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் வழியே அறியப்பட்டவர். 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டவர். பாட்டின் கரு அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை: நிலமில்லாதவர்களாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், அங்கே காட்டைத் தோட்டமாக்கி, பின்னர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, திரும்பிய மண்ணிலும் நிலமில்லாமல் கூலிக்குப் போன ஒரு தலைமுறையின் கதை அது. ஆக, பாட்டின் கதைக்கு உரியவர் விருந்தாளியாகவும், பாட்டுக்கு உரியவர் வேறொருவராகவும் அமைந்த ஒரு வரியோடு அது உலகத்துக்கு அறிமுகமாயிற்று. வெளியான வேளையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யார் அதைப் பார்க்கிறார்கள்?

ஏ.ஆர். ரகுமானின் ஆதரவோடு, தனிப்பாட்டுக் கலைஞர்களுக்கான மேடை என்ற அறிமுகத்துடன் வந்த ‘மாஜ்ஜா’ நிறுவனத்தின் தொடக்க கால வெளியீடுகளில் இதுவும் ஒன்று. அமித் கிருஷ்ணன் இயக்கிய காணொளி அந்நிறுவனத்தின் யூடியூப் பக்கத்திலேயே ஏற்றப்பட்டது. காலப்போக்கில் பார்வைகள் நாற்பது கோடியைக் கடந்தன.

மூன்று திருப்பங்கள்

2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு, தீயையும் கனடாவைச் சேர்ந்த தமிழ்ச் சொல்லிசைக் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலையும் அட்டையில் இட்டது. அங்கே பேசப்பட்ட ‘என்ஜாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ ஆகிய இரண்டு பாட்டுகளுக்கும் எழுத்துப் பங்களித்த அறிவு அட்டையில் இல்லை. பா. இரஞ்சித் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் அதே இதழ் அறிவைத் தனியே தன் இணைய அட்டையில் கொண்டுவந்தது. பிரெஞ்சுக் கலைஞர் டிஜே ஸ்நேக் செய்த ரீமிக்ஸிலும் அறிவின் பெயருக்கு உரிய இடம் தரப்படவில்லை என்ற குறை அதே காலத்தில் எழுந்தது.

2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாட்டை மேடையேற்றினர். சில நாட்களில் அறிவு ஓர் அறிக்கை வெளியிட்டார். பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தானே என்றும், ஒரு மெட்டையோ ஒரு சொல்லையோ தனக்கு யாரும் எடுத்துத் தரவில்லை என்றும் அதில் சொன்னார். தான் எந்த மேடையிலும் அறிவின் பங்கை மறைத்ததில்லை என்றும், அவர் அப்போது அமெரிக்காவில் இருந்ததால் விழாவுக்கு வர இயலவில்லை என்றும் தீ விளக்கினார். இசையமைப்பும் கோவையும் ஒலிப்பதிவும் தன் பங்கு என்றும், வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கினார்.

இந்த மூன்று கூற்றுகளையும் அருகருகே வைத்துப் படித்தால், யாரும் பொய் சொல்லவில்லை என்றே கொள்ள இடமிருக்கிறது. சொல்லிசைக் கலைஞருக்குத் தன் வரிகளின் ஏற்ற இறக்கமும் ஓட்டமுமே மெட்டு. அதைத் தானே அமைத்தேன் என்பது அவரளவில் முழு உண்மை. திரையிசையில் பழகியவருக்கோ பதிவில் கேட்கும் ஒலி முழுவதும் இசையமைப்பாளரின் ஆக்கம். அவரளவில் அதுவும் உண்மை. இரண்டு தொழில் மரபுகள் ஒரே பாட்டுக்குள் கூடின. எந்த மரபின் கணக்கில் பங்கு பிரிப்பது என்று எல்லோரும் காணும்படி முன்கூட்டி எழுதிவைக்கப்பட்ட ஒன்று மட்டும் இல்லை.

மூன்றாம் திருப்பம் 2024 மார்ச்சில், வெளியீட்டின் மூன்றாம் ஆண்டில் வந்தது. பாட்டின் வழியாக மூவருக்கும் ஒரு காசுகூட வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில் அறிவித்தார்; ரகுமான் தமக்குத் துணையாகவே நின்றார் என்றும் தெளிவுபடுத்தினார். இது ஒரு தரப்பின் கூற்று, நீதிமன்றத் தீர்ப்பல்ல. அந்த அளவோடே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் பெயருக்காக எதிரெதிரே நின்றவர்கள் பணத்தின் விஷயத்தில் ஒரே பக்கம் நின்றதாக இந்த அறிவிப்பு காட்டியது கவனிக்கத் தக்கது.

டர்பனுக்கு வந்த வழி

2020 மார்ச் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய ஊரடங்கு, ஓராண்டுக்குப் பிறகும் ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்தது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஆள் கணக்கு இருந்தது. ஆகவே பாட்டு மண்டபத்து ஒலிபெருக்கி வழியாக வரவில்லை. வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுக்கள் வழியாக வந்தது. அனுப்பியவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது என்பதை வெளியூர் வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். இங்கே ‘நாங்கள் தமிழ்’ என்று ஒருவர் சொன்னால் அவர் குறிப்பது வழிபாட்டையும் குடும்ப மரபையும்தான்; வீட்டு மொழி ஆங்கிலம். 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் தன் 6ஆம் பிரிவில், வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இருந்தும் தமிழ் பெரும்பாலும் தேவாரத்திலும், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளிலும், வார இறுதி வகுப்பிலும் வாழ்கிறது.

அப்படியிருந்தும் பாட்டு உடனே ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணம் பொருள் அல்ல, அமைப்பு. ஒருவர் கேட்க மற்றவர் மறுமொழி சொல்லும் குக்கூ பகுதியும், பூச்சியையும் பறவையையும் தங்கை, தாத்தா என்று உறவுமுறை வைத்து அழைக்கும் முறையும் சிறு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் வாயில் வந்தன. வாரந்தோறும் ‘அது என் தம்பி, இது என் அக்கா’ என்று பாடப்புத்தகத்தை இழுத்துப் படிக்கும் பிள்ளைகள், கம்பளிப்பூச்சியைத் தங்கச்சி என்பதைச் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டன. உறவுமுறைப் பெயர்கள்தாம் இங்குள்ள ஆங்கிலத்திலும் கரையாமல் எஞ்சிய தமிழ். ஆயா, தாத்தா, அக்கா, மாமா எல்லாம் தமிழ் பேசாத வீட்டிலும் உண்டு. அந்த வாசல் வழியாகத்தான் பாட்டு உள்ளே நுழைந்தது.

கட்டுப்பாடு தளர்ந்தபின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாணத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். டர்பன் புறநகர்களில் பிறந்த குவாம் தாளத்தின் கனத்த அடியை இப்பாட்டின் கீழே ஓடவிட்டு, டிஜே இளைஞர் கூட்டத்தை எழுப்பிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், பரிமாற வந்த சூலு இளைஞர்கள் என எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு தன் கடைசிப் பகுதிக்கு வந்தது. மரம் வளர்த்தேன், தோட்டம் வைத்தேன், தோட்டம் செழித்தும் என் தொண்டை நனையவில்லை என்று இழுக்கும் அந்த ஒப்பாரி தொடங்கியதும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா கைத்தடியை ஊன்றி எழுந்து மேடையோரம் போனார். “டேய் தம்பி, கல்யாண வூட்ல ஒப்பாரி வைக்கிறியா? நிறுத்துடா.” டிஜேக்குத் தமிழ் புரியவில்லை, குரல் புரிந்தது. பாட்டை வெட்டி அடுத்ததற்குப் போனார். அந்த மண்டபத்தில் பாட்டைச் சரியாகக் கேட்டவர் அந்த ஆயா ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்களுக்கு அது கொண்டாட்டம். அவருக்கு அது சாவு வீட்டுக் குரல். இரண்டும் சேர்ந்ததே பாட்டு என்பதால், ஆடியவர்கள் பக்கமும் தவறில்லை.

இங்கே தெருக்கூத்து ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்ற பெயரில் அறியப்படுகிறது. விடிய விடிய ஆடும் அக்கூத்தில் அழுகையும் கேலியும் ஒரே மேடையில் மாறி மாறி வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, துள்ளல் தாளத்துக்குள் ஒப்பாரி வருவது முரணாகப் பட்டிருக்காது. அக்கூத்தைப் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

எதைக் கேட்டார்கள், எது விழவில்லை

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்த ‘ட்ரூரோ’ கப்பலில் 342 பேர் இருந்தனர். 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. பத்தாண்டு தங்கியவர் ஊர் திரும்பும் கப்பல் செலவுக்குப் பதிலாக அரசு நிலம் பெறலாம் என்று சட்டம் சொன்னது. பெற்றவர் மிகச் சிலர். 1891இல் அந்த வாய்ப்பும் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்குகிறவர்மேல் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி போட்டது. தோட்டம் செழித்தும் தொண்டை நனையாதவர் யார் என்று டர்பன்காரருக்கு உரை எழுத வேண்டியதில்லை. வள்ளியம்மாள் என்ற பெயருக்கும் இங்கே தனி ஒலி உண்டு: மூன்று பவுன் வரிக்கு எதிராக நடந்த சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண்.

ஆகவே ‘நம் முன்னோர் பாட்டு’ என்று இதை இங்குள்ளவர்கள் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் அந்த எடுத்துக்கொள்ளலில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

முதலாவது சாதி. அறிவின் பாட்டு நிலமற்றவர் யார், ஏன் நிலமற்றவர் ஆனார் என்ற கேள்வியை அம்பேத்கரிய நோக்கிலிருந்து கேட்கிறது. டர்பனில் நாயுடு, பிள்ளை, முதலி, கவுண்டர், படையாட்சி ஆகியவை ஆங்கில எழுத்தில் உறைந்த குடும்பப் பெயர்கள். அவற்றைச் சுமப்பவர் பலருக்கு அவை சாதிப்பெயர் என்பதே மங்கலாகத்தான் தெரியும். சாதிக் கட்டுப்பாடு இங்கே பெரிதும் தளர்ந்தது நல்லதே. ஆனால் கப்பல் பதிவேட்டில் தந்தை பெயர், ஊர், வயது, உடல் அடையாளம் ஆகியவற்றோடு சாதியும் எழுதப்பட்டிருந்தது; அந்தப் பக்கத்தை வாரிசுகள் பலர் வாசிக்காமல் திருப்பிவிடுகிறார்கள். ‘எல்லோருமே ஏழைகளாக வந்தோம்’ என்ற ஒற்றை வரிக்குள் பாட்டை அடக்கியபோது, அதன் கூர் மழுங்கியது.

இரண்டாவது நிலம். இந்தக் கரும்பு நிலம் யாருடையதாக இருந்தது? டர்பன் அமைந்த குவாசுலு-நட்டால் மாகாணத்தில் சூலு மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் நாட்டின் பெரும்பான்மை மக்களை ஏழு விழுக்காட்டு நிலத்துக்குள் ஒதுக்கியது. ‘எங்கள் தாத்தா திருத்திய மண்’ என்ற தலைப்போடு இப்பாட்டை அனுப்புவது 2021 மார்ச்சில் ஒரு பெருமையாகப் பட்டது. அதே ஆண்டு ஜூலையில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ் பகுதியில் உயிர்ப்பலி வாங்கிய வன்முறை நடந்து, இந்திய வம்சாவளியினருக்கும் கறுப்பின அண்டையாருக்கும் இடையே கசப்பு முற்றியபின், அந்தத் தலைப்பை அப்படியே அனுப்ப என் வட்டத்தில் பலர் தயங்கினார்கள். ஏரியும் குளமும் நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும்கூடச் சொந்தம் என்று பாட்டே சொல்கிறது. ஒரு தரப்பின் பட்டாவாக அதை மாற்றியது கேட்டவர்கள்.

பெயர்ச் சர்ச்சை இங்கே கேட்ட விதம்

அறிவின் அறிக்கை 2022இல் இங்கு எட்டியபோது, இளைஞர்கள் அதைத் தமிழ்நாட்டுச் செய்தியாகப் பார்க்கவில்லை. ‘ஜெருசலேமா’ கதையின் இரண்டாம் பாகமாகவே பார்த்தார்கள். மாஸ்டர் கேஜியின் பெயரை முன்னிட்டு, பாடகி நொம்செபோ சிகோடேயின் குரலில் வந்து, 2020இல் உலகம் முழுவதும் ஆடப்பட்ட பாட்டு அது. தனக்கு உரிய பணம் வரவில்லை என்று நொம்செபோ 2021 ஜூலையில் பொதுவெளியில் சொன்னார். அங்கும் பெயர் வரியின் அமைப்பு அதேதான்: முன்னால் ஒருவர், ‘ஃபீச்சரிங்’குக்குப் பின் குரலுக்கு உரியவர். மூத்தவர்களுக்கு இன்னும் பழைய கதை நினைவிருந்தது. 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் ‘முபுபே’ பாட்டைப் பதிவு செய்த சாலமன் லிண்டா அதன் உரிமைக்குப் பெற்றது பத்து ஷில்லிங். அது ஆங்கிலத்தில் உலகைச் சுற்றியபின், அவர் இறந்து நாற்பதாண்டுகளுக்கு மேலான பிறகே, 2006இல், அவருடைய பெண் மக்களுக்கு ஓர் இணக்கத் தீர்வு கிடைத்தது. பத்து ஷில்லிங் என்ற தொகையை இவ்வூர்த் தமிழர் வேறொரு கணக்கிலும் அறிவார்கள்.

எந்த இடத்தில் பெயர் விடுபடுகிறது என்பதைத் தொழில்நுட்ப அளவில் பார்ப்பது பயனுள்ளது. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: சொல்லுக்கும் மெட்டுக்குமான ஆக்க உரிமை ஒன்று, பதிவான ஒலிக்கான உரிமை மற்றொன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமைத்தொகைப் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாதபடி காத்தது. தென்னாப்பிரிக்காவில் சாம்ரோ, கப்பாசோ, சாம்ப்ரா ஆகிய மூன்று அமைப்புகள் இவ்வுரிமைகளின் வெவ்வேறு பகுதிகளுக்குத் தொகை வசூலிக்கின்றன. ஆனால் இணையத்தில் பாட்டை ஏற்றும்போது நிரப்பும் படிவம் சட்டத்தைக் கேட்பதில்லை. முதன்மைக் கலைஞர் யார், உடன் வருபவர் யார் என்று கேட்கிறது. ரீமிக்ஸ் என்பது புதிய பதிவு. அதற்குப் புதிய குறியீட்டு எண். படிவமும் புதிதாக நிரப்பப்படும். நிரப்புகிறவருக்கு அவசரம் இருந்தால் விருந்தாளியின் பெயர்தான் முதலில் விடுபடும். வஞ்சம் இல்லாமலேகூட இது நடக்கும்.

டர்பனில் தமிழும் சூலுவும் ஆங்கிலமும் கலந்து பாடும் இளைஞர் கூட்டணிகள் இப்போது தலையெடுக்கின்றன. என்னிடம் வரிகளைத் திருத்தக் கேட்டு வருபவர்களிடம் நான் வலியுறுத்துவது இது: பதிவு நாளன்றே ஒரு பங்கீட்டுத் தாளில் எழுத்துக்கு எத்தனை விழுக்காடு, மெட்டுக்கு எத்தனை, பதிவுக்கு எத்தனை என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள், எழுதியவர் பாடவும் செய்தால் ‘ஃபீச்சரிங்’ வேண்டாம், இருவரையும் முதன்மைக் கலைஞராகவே ஏற்றுங்கள், பெரும்பாலான விநியோகத் தளங்கள் அதற்கு இடம் தருகின்றன, ஒருவர் வர முடியாத மேடையில் மற்றவர் பாடலாமா, பாடினால் அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் சேருங்கள். தாளத்தை அமைத்தவர் திரையிசை வழக்கத்தில் வளர்ந்தவரா, சொல்லிசை வழக்கத்தில் வளர்ந்தவரா என்பதைப் பொறுத்து ‘இசை’ என்ற தலைப்பின் கீழ் யார் யார் என்று அவர் நினைப்பது மாறும் என்பதால், அந்த ஒரு பேச்சை மட்டும் பாட்டுக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

தாளில் இன்னும் இடம் கிடைக்காத தரப்பு ஒன்று உண்டு. ஒப்பாரியும் தாலாட்டும் தனியொருவர் எழுதியவை அல்ல. பதிப்புரிமைச் சட்டம் அவற்றைப் பொதுச்சொத்தாகவே பார்க்கிறது. அப்படிப்பட்ட வரியை ஆயா ஒருவர் வாயிலிருந்து கைப்பேசியில் பதிந்து பாட்டில் சேர்த்த ஒரு கூட்டணியினர், அவருக்கு என்ன பங்கு எழுதுவது என்று சென்ற மாதம் கேட்டார்கள். எழுத்துப் பங்கில் அவர் பெயரைச் சேர்க்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. குரல் பதிவில் இருப்பதால் கலைஞர் பங்கில் அவருக்கு உரிமை உறுதியாக உண்டு என்று சொன்னேன். சாம்ப்ரா படிவத்தில் அவர் பெயரை நிரப்ப அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும். அதற்காக அவருடைய பேத்தி அவரை வங்கிக்கு அழைத்துப் போயிருக்கிறார்.